பெயர் பொறித்த காலணி

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுப் பக்கம் சில ஆண்டுகள் குடியிருந்த தமிழ்க் குடும்பத்தாருக்குக் 'கெட்ஸ்' என்ற சொல் பழக்கமானதே. பள்ளி திறக்கும் காலம் வந்தால், பிள்ளைக்கு வெள்ளைக் கெட்ஸ் வாங்கியாயிற்றா என்று அடுத்த வீட்டு வங்காளி அம்மாள் கேட்பாள். துணியால் மேற்பாகமும் ரப்பரால் அடிப்பாகமும் அமைந்த காலணி எதுவாயினும் அங்கே அதற்கு அதுவே பெயர். அருகிலுள்ள பாட்டாநகரில் செய்ததாயினும் சரி, வேறெங்கோ செய்ததாயினும் சரி, கெட்ஸ் என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும். நம் ஊரில் கான்வாஸ் ஜோடு என்று சொல்லி, தேகப்பயிற்சி வகுப்புக்கு முந்திய இரவில் சாக்குக் கட்டியைக் குழைத்துப் பூசித் திண்ணையில் உலர வைத்தோமே, அதே பொருள்தான்.

இந்தச் சொல் வங்காள மொழிச் சொல் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் ரப்பர் கம்பெனி ஒன்று 1916-ஆம் ஆண்டில் தன் சரக்குக்கு இட்ட வியாபாரப் பெயர் அது. பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லையொட்டிப் 'பெட்ஸ்' என்று வைக்கவே முதலில் எண்ணினார்களாம். அந்தப் பெயரை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்தபடியால், முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அவ்வாறு அவசரத்தில் பிறந்த பெயர் கடல் கடந்து வந்து, கம்பெனி இன்னதென்று அறியாதவர் வாயிலும் வழங்கலாயிற்று.

காலணியின் சரித்திரத்தைப் புரட்டினால் இத்தகைய பெயர்க் கதைகள் பல வருகின்றன. யாருடைய பெயர் காலணியில் ஏறிற்று, ஏறியதனால் அவருக்கு என்ன கிடைத்தது, யாருடைய பெயர் ஏறவே இல்லை என்று கேட்டுக்கொண்டே போகலாம். கூடைப்பந்தாட்டத்துக்காகப் பிறந்து, பின்னர் ஆடாதவர் காலையும் பற்றிக்கொண்ட அமெரிக்கக் காலணிகளை இங்கே எடுத்துக்கொள்வோம். அவற்றை வைத்து இந்தக் கேள்விகளை ஆராய்வது சுவையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கொண்டு நிலைத்த பண்டம் எதுவும் செய்ய இயலாதிருந்தது. கந்தகம் கலந்து சூடேற்றினால் இந்தக் குறை நீங்கும் என்பதை 1839-இல் கண்டவர் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர். கடன்காரர் சிறையையும் வறுமையையும் கண்ட மனிதர் அவர். 1844-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். ஆனால் அதைக் காக்க நடத்திய வழக்குகளில் கையிலிருந்ததும் கரைந்தது. 1860-இல் அவர் காலமானபோது ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர் கடன் நின்றது. இன்று மோட்டார் டயர்களில் நாம் காணும் குட்இயர் என்ற பெயர், அவர் இறந்து 38 ஆண்டுகளுக்குப் பின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வேறு சிலர் தொடங்கிய கம்பெனியின் பெயர். அவரை நினைவுகூர்ந்து வைத்தார்கள் என்பதற்கு மேல் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அதில் பங்கு எதுவும் இல்லை.

இனி ஆட்டம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வெளியே பனி மூடிக் கிடக்க, உள்ளே அடைபட்ட மாணவர்கள் தேகப்பயிற்சியில் சலிப்புற்றிருந்தார்கள். கூரைக்கு அடியில் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்று வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். கானடா நாட்டினரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 13 விதிகளை எழுதினார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். டிசம்பர் மாதத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. ஆட்டத்துக்கு 'நெய்ஸ்மித் பந்து' என்றே பெயர் வைக்கலாம் என்று மாணவர் ஒருவர் சொன்னபோது, அந்தப் பெயர் எந்த ஆட்டத்தையும் கொன்றுவிடும் என்று அவர் சிரித்தாராம். கூடையும் பந்தும் இருக்கின்றன, கூடைப்பந்து என்றே சொல்லலாமே என்று அதே மாணவர் கூறியது நிலைத்துவிட்டது.

அந்த 13 விதிகளுள் ஒன்றில்தான் காலணியின் வரலாறும் தொடங்குகிறது. பந்தைப் பிடித்தவன் அதை வைத்துக்கொண்டு ஓடலாகாது. பிடித்த இடத்தில் நின்று எறிய வேண்டும் என்பது அந்த விதி. ஓடிவருகிறவன் சட்டென்று நிற்க வேண்டும்; நின்றவன் திரும்ப வேண்டும்; திரும்பியவன் குதிக்க வேண்டும். தரையோ மெருகிட்ட மரப்பலகை. தோல் அடி வைத்த ஜோடு அதில் வழுக்கும். பலகையைப் பற்றும் ரப்பர் அடியும், கணுக்கால் பிசகாமல் தாங்கும் உயர்ந்த மேற்பாகமும் இன்றியமையாதவை ஆயின.

இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்த வழிகளுள் ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் சைதாப்பேட்டைப் பக்கம் இடம் பெயர்ந்த அக்கல்லூரியிலிருந்து பயிற்சி பெற்று வெளிவந்த ஆசிரியர்கள், தென்னாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இந்த ஆட்டத்தைக் கற்பித்தார்கள். பம்பாயில் மாதுங்காவில் வாழும் நம்மவர்கள் இந்தியன் ஜிம்கானா மைதானத்தில் மாலை வேளைகளில் காணும் ஆட்டம் அந்தப் பழக்கூடையின் வழிவந்ததே.

1908-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் என்ற ஊரில் மார்க்விஸ் மில்ஸ் கான்வர்ஸ் என்பவர் ரப்பர்ச் செருப்புக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். மழைக்கும் பனிக்கும் அணியும் மேல்ஜோடுகளே அவருக்கு முக்கிய வியாபாரம். அது பருவகால வியாபாரம். பனி நின்றால் ஆலையும் நிற்கும். ஆண்டு முழுதும் வேலை வேண்டும் என்று விளையாட்டுக் காலணியின் பக்கம் திரும்பினார். 1917-இல் 'ஆல் ஸ்டார்' என்ற கூடைப்பந்துக் காலணி வெளிவந்தது. கணுக்காலை மூடும் தடித்த துணி, விரல் நுனியைக் காக்கும் ரப்பர் மூடி, வைரக் கட்டங்கள் போன்ற வரிகள் பதித்த அடி, துணியையும் அடியையும் சுற்றிக் கட்டி வேகவைத்த ரப்பர்ப் பட்டை என்று அதன் அமைப்பு எளியது. இன்று கடையில் அதே பெயரில் வாங்கும் காலணியைப் பார்த்தாலும் பெரிய மாறுதல் தெரியாது. நூறாண்டுக்கு மேல் இவ்வளவு குறைவாக மாறிய விளையாட்டுச் சாமான் வேறு உண்டோ என்று தோன்றுகிறது.

இந்தக் காலணிக்குப் பெயர் தந்தவர் ஆலை முதலாளி அல்லர். இந்தியானா மாநிலத்தில் 1901-இல் பிறந்த சார்ல்ஸ் டெய்லர் என்ற இளைஞர் அவர். எல்லோரும் அவரைச் 'சக்' என்று அழைப்பார்கள். கொலம்பஸ் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஆடிப் பழகி, பள்ளி முடித்ததும் கம்பெனிக் குழுக்களிலும் ஊர்க் குழுக்களிலும் ஆடியவர். 1920-களின் தொடக்கத்தில் கான்வர்ஸ் கம்பெனியின் சிகாகோ அலுவலகத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். பிற்கால விளம்பரங்கள் அவரைப் பேர்போன பெரிய குழுக்களின் நட்சத்திரம் என்றே காட்டின. அவரது வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்தவர்கள் அந்தப் பெருமைகளிற் சிலவற்றுக்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். ஆட்டக்காரராக அவர் நடுத்தரமானவராகவே இருந்திருக்கக் கூடும். அதனால் பாதகமில்லை, அவருடைய மேதைமை வேறிடத்தில் இருந்தது.

அவர் காரின் பின்பெட்டியில் காலணிகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். உயர்நிலைப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ சென்று, இலவசமாகப் பயிற்சி வகுப்பு நடத்துவார். பந்தை எவ்வாறு தள்ள வேண்டும், எவ்வாறு பார்க்காமல் கடத்த வேண்டும் என்று ஆடிக் காட்டுவார். பயிற்சியாளர்களோடு சாப்பிடுவார், அவர்கள் பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்திருப்பார். காலணியைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வரும். ஆர்டரைத் தாமே பெறாமல் அவ்வூர் விளையாட்டுச் சாமான் கடைக்காரரிடம் அனுப்பிவிடுவார், கடைக்காரரும் நண்பராகிவிடுவார். கம்பெனி ஆண்டுதோறும் வெளியிட்ட கூடைப்பந்து மலருக்கும் அவர் துணை நின்றார். சொந்த வீடென்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளாமல் விடுதிகளிலேயே காலம் கழித்தவர் என்று சொல்லுகிறார்கள். நாற்பதாண்டுக்கு மேல் இவ்வாறு சுற்றினார். உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் மாறி வாழும் நம்மவர் சிலருக்கு அந்த வாழ்க்கை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

1930-களில் காலணியின் கணுக்கால் பக்கத்தில் ஒட்டிய வட்டச் சின்னத்தில், நட்சத்திரத்தோடு அவருடைய கையெழுத்தும் சேர்ந்தது. 1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முறையாகக் கூடைப்பந்து இடம் பெற்றது. மழையில் நனைந்து சேறான திறந்தவெளி மைதானத்தில், அமெரிக்கக் குழு 19-க்கு 8 என்ற கணக்கில் கானடாவை வென்றது. அக்குழுவின் கால்களில் இருந்தவை இவையே. நெய்ஸ்மித்தும் அந்தப் பந்தயங்களுக்கு வந்திருந்தார். உலக யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றை அணிந்து தேகப்பயிற்சி செய்தார்கள். 1962 மார்ச்சு 2-ஆம் தேதி வில்ட் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோதும் அவர் காலில் இருந்தது சக் டெய்லரின் பெயர்தான்.

இவ்வளவுக்கும் கையெழுத்தைத் தந்தவர் பெற்றது மாதச் சம்பளமும் பயணச் செலவும். விற்ற ஒவ்வொரு ஜோடிக்கும் இவ்வளவு என்று பங்கு எதுவும் அவருக்கு இல்லை. அவர் அதைக் குறையாக எண்ணியதாகவும் தெரியவில்லை. 1969-இல் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த கூடைப்பந்து மாமன்றத்தில் அவருக்கு இடம் அளித்தார்கள். அதே ஆண்டு ஜூன் 23-இல், 68-ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர் காலமானார். இன்று உலகெங்கும் இளைஞர்கள் அவர் பெயரைக் கணுக்காலில் சுமந்து திரிகிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே பலர் அறியார்.

அவர் மறைந்த காலத்திலேயே துணிக் காலணியின் ஆதிக்கமும் சரியத் தொடங்கியது. வியர்வையில் நனைந்த துணி தொய்ந்துபோகும். அடியோ மெல்லியது, குதித்து இறங்கும் அதிர்ச்சியைத் தாங்காது. ஜெர்மனியில் ஹெர்ட்சோகனவுராக் என்ற சிற்றூரில் டாஸ்லர் சகோதரர் இருவர் சேர்ந்து காலணி செய்து வந்து, சண்டையிட்டுப் பிரிந்தார்கள். இளையவர் அடோல்ப் தம் பெயரைச் சுருக்கி அடிடாஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மூத்தவர் ருடால்ப் பூமாவைத் தொடங்கினார். பங்காளிச் சண்டை ஓர் ஊரையே இரண்டாக்கிய கதை அது. தனியே சொல்ல வேண்டியது. 1969-ஆம் ஆண்டளவில் தோல் மேற்பாகமும் சிப்பி போன்ற ரப்பர் நுனியும் வைத்த 'சூப்பர்ஸ்டார்' காலணியை அடிடாஸ் கொணர்ந்தது. கரீம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் பணம் பெற்றுக்கொண்டு அதன் காலணிகளை அணியலானார்கள். பூமாவோ நியூயார்க் குழுவின் வால்ட் பிரேசியருக்கென்று அவருடைய செல்லப் பெயரான 'கிளைடு' என்பதையே இட்டு ஒரு காலணி செய்தது. பெயருக்குப் பணம் உண்டு என்ற வழக்கம் வந்துவிட்டது.

அந்த வழக்கத்தை அடியோடு மாற்றியது 1984. ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பில் நைட்டும், பில் பவர்மன் என்ற ஓட்டப் பயிற்சியாளரும் சேர்ந்து ஜப்பானியக் காலணிகளை இறக்குமதி செய்து தொடங்கிய கம்பெனி, 1971-இல் கிரேக்கரின் வெற்றித் தேவதை பெயரால் நைக்கி ஆயிற்று. அதன் புகழ்பெற்ற வளைகோட்டுச் சின்னத்தை வரைந்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்குக் கொடுத்த கூலி 35 டாலர். பிற்காலத்தில் கம்பெனியின் பங்குகளைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். ஓட்டக் காலணியில் பெயர் பெற்ற நைக்கிக்குக் கூடைப்பந்தில் அப்போது பெரிய செல்வாக்கு இல்லை.

சிகாகோ குழுவுக்குப் புதிதாகத் தேர்வாகியிருந்த மைக்கேல் ஜார்டன் என்ற 21 வயது இளைஞருக்கோ நைக்கியின் மேல் விருப்பமே இல்லை. வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவர் அணிந்தது கான்வர்ஸ். அணிய விரும்பியது அடிடாஸ். கான்வர்ஸ் கம்பெனியிடம் மாஜிக் ஜான்சன், லாரி பேர்டு முதலிய பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு புதியவரை வைக்க அது தயாராக இல்லை. நைக்கிக்காரர்கள் சொல்வதைக் கேட்கவே அவர் போக மறுத்ததாகவும், தாயார் டெலோரிஸ் அம்மையார் போய்க் கேட்டுத்தான் வரவேண்டும் என்று வற்புறுத்தியதாகவும் ஜார்டனே கூறியிருக்கிறார். ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. அதற்கு மேல் அவர் பெயரால் விற்கும் காலணியில் பங்கும் உண்டு. சக் டெய்லருக்குக் கிடைக்காதது இதுவே. அடியில் காற்றடைத்த பைகள் வைக்கும் நைக்கியின் முறையையும், ஜார்டன் காற்றில் எழும்பி நிற்பது போன்ற ஆட்டத்தையும் சேர்த்து 'ஏர் ஜார்டன்' என்று பெயரிட்டவர் அவருடைய பிரதிநிதி டேவிட் பால்க்.

இங்கேதான் பலரும் சொல்லிவரும் தடைக் கதை வருகிறது. ஒரு குழுவினரின் காலணிகள் ஒரே நிறச் சாயலில் இருக்க வேண்டும் என்பது அன்றைய அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் விதி. கறுப்பும் சிவப்புமான காலணியை ஜார்டன் அணிந்தார். சங்கம் தடை செய்தது. அவர் ஆட்டத்துக்கு ஐயாயிரம் டாலர் அபராதத்தை நைக்கி கட்டக் கட்ட, தொடர்ந்து அணிந்து ஆடினார் என்பது கதை. 1985 பிப்ரவரி 25-ஆம் தேதியிட்ட சங்கத்தின் கடிதம் உண்மையில் இருக்கிறது. 1984 அக்டோபர் 18-ஐ ஒட்டி அவர் அணிந்த கறுப்பு-சிவப்பு நைக்கிக் காலணி விதிக்கு மாறானது என்று அது உறுதி செய்கிறது. அபராதத் தொகை எதுவும் அதில் இல்லை. அந்த அக்டோபரில் ஏர் ஜார்டன் காலணி இன்னும் தயாராகவில்லை. தடைபட்டது 'ஏர் ஷிப்' என்ற வேறொரு நைக்கிக் காலணியாகவே இருக்க வேண்டும் என்பது பழைய புகைப்படங்களை ஆராய்ந்தவர்களின் முடிவு. ஆனால் நைக்கியின் தொலைக்காட்சி விளம்பரம் தடைபட்டது இதுவே என்று காட்டி, ஆட்டக்காரரைத் தடுத்தவர்கள் உங்களைத் தடுக்க முடியாது என்று பொருள்படப் பேசிற்று. வாலிபர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விற்பனைக்கு உதவிய வரலாறு மெய்யான வரலாற்றை விழுங்கிவிட்டது. வரலாறு எழுதுகிறவனுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. விளம்பரம் எழுதியவரின் சாமர்த்தியத்தை மெச்சாமலும் இருக்க முடியவில்லை.

1985 ஏப்ரலில் ஜோடி 65 டாலர் விலையில் காலணி கடைக்கு வந்தது. நான்காம் ஆண்டில் 30 லட்சம் டாலர் விற்றால் போதும் என்று கம்பெனி எதிர்பார்த்ததாகவும், முதலாண்டிலேயே 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றதாகவும் பால்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் பயனுக்காக வாங்கியவர் அவர்களுள் எத்தனை பேர்? பெரும்பாலோர் தெருவில் அணியவே வாங்கினார்கள். கருவி என்ற நிலையிலிருந்து அடையாளம் என்ற நிலைக்குக் காலணி வந்துவிட்டது.

அந்த மாற்றத்தைக் கம்பெனிகள் மட்டும் செய்யவில்லை. நியூயார்க்கின் கறுப்பர் தெருக்கள் முன்னமே செய்யத் தொடங்கியிருந்தன. குவீன்ஸ் பகுதியிலிருந்து வந்த 'ரன் டி.எம்.சி.' என்ற மூவர் குழு, அடிடாஸ் சூப்பர்ஸ்டாரைக் கயிறு கட்டாமலே அணிந்து மேடையேறும். இத்தகைய காலணி அணியும் கறுப்பு இளைஞனைப் போக்கிரி என்று பார்த்தவர்களுக்கு மறுமொழியாக, 1986-இல் அந்தக் காலணியைப் பற்றியே ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அவ்வாண்டு மாடிசன் சதுக்க அரங்கில் அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஆயிரக்கணக்கானோர் தம் காலணியைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். நம் நாட்டில் அவையில் ஜோடு தூக்கினால் பொருளே வேறு! அரங்கில் இருந்த அடிடாஸ் பிரதிநிதி அதைக் கண்ணால் கண்டார். ஆட்டக்காரர் அல்லாத பாடகரோடு காலணிக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஸ்பைக் லீ என்ற இளம் திரைப்பட இயக்குநர் தம் முதல் நீளப்படத்தில் தாமே ஏற்ற பாத்திரம் ஒன்று, ஜார்டன் காலணியைப் பிரியாத பித்தன். நைக்கி அந்தப் பாத்திரத்தையே ஜார்டனோடு விளம்பரங்களில் சேர்த்துக்கொண்டது. அதே இயக்குநரின் 1989-ஆம் ஆண்டுப் படத்தில், புரூக்ளின் தெருவில் கறுப்பு இளைஞன் ஒருவனின் புத்தம் புதிய ஜார்டன் காலணியை, அத்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வெள்ளையரின் சைக்கிள் கறைப்படுத்திவிடுகிறது. தெருவே கூடிவிடுகிறது. வெண்மையான தோலில் விழுந்த ஒரு கோடு. அதற்குப் பின்னால் யாருடைய தெரு இது, யாருக்கு மரியாதை என்ற கேள்விகள். சிரிப்பும் அச்சமும் கலந்த அந்தக் காட்சி, எத்தனையோ கட்டுரைகள் சொல்ல முயல்வதைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் சினிமாவுக்கு வெளியே சிரிப்பு இல்லை. அதே 1989-இல் மேரிலாந்து மாநிலத்தில் 15 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் தன் புதிய ஏர் ஜார்டனுக்காகக் கொல்லப்பட்டான். அத்தகைய செய்திகள் மேலும் வந்தன. மறு ஆண்டு அமெரிக்காவின் பெரிய விளையாட்டு வாரப் பத்திரிகை ஒன்று அதையே அட்டைப் பொருளாக்கிற்று. வேண்டுமென்றே கிடைப்பதரிதாக்கி, ஏழைப் பையன் ஏங்கும் விலை வைத்து, அவன் வணங்கும் வீரரின் பெயரைப் பொறித்து விற்பதில் யாருக்குப் பொறுப்பு என்ற விவாதம் அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. ஸ்டீபன் மார்பரி என்ற நியூயார்க் ஆட்டக்காரர் 2006-இல் தம் பெயரிட்ட காலணியை 14 டாலர் 98 சென்டுக்கு விற்க முன்வந்தார். அதையே அணிந்து ஆடியும் காட்டினார். மக்கள் வாங்கினார்கள். ஆனால் விற்ற கடைத்தொடர் 2008-இல் திவாலாகிவிட, அந்த முயற்சி தடைப்பட்டது.

கான்வர்ஸ் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். ஆட்டக்களத்தை இழந்த அந்தத் துணிக் காலணியை ராக் இசைக்காரர்களும் மாணவர்களும் ஓவியர்களும் எடுத்துக்கொண்டார்கள். மலிவும் எளிமையுமே அதற்கு அழகாயின. கம்பெனியைக் காக்க அது போதவில்லை. 2001 ஜனவரியில் கான்வர்ஸ் திவால் மனுக் கொடுத்தது. வடகரோலினாவில் லம்பர்ட்டன் என்ற ஊரிலிருந்த ஆலையை அவ்வாண்டே மூடிவிட்டு, உற்பத்தியை ஆசியாவுக்கு அனுப்பினார்கள். 2003-இல் 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது நைக்கி. சக் டெய்லரின் கையெழுத்து இன்று ஜார்டன் பெயரை விற்கும் கம்பெனியின் உடைமை. துணை ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த கமலா ஹாரிஸ், வோக் என்ற பத்திரிகையின் 2021 பிப்ரவரி இதழின் அட்டையில் இந்தக் காலணியோடு தோன்றினார். இப்படிப்பட்ட காலணியோடு அட்டைப்படம் தகுமா என்று அங்கே வாதம் நடந்தது. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண்மணி என்பது நேயர்கள் அறிந்ததே.

ஆலைகள் கடல் கடந்தது கான்வர்ஸோடு தொடங்கியதன்று. நைக்கி தொடக்கம் முதலே பிற நாட்டு ஆலைகளில் செய்வித்த கம்பெனி. ஜப்பானில் கூலி ஏறக் கொரியா, தைவான். அங்கு ஏற இந்தோனேசியா, சீனா, வியட்நாம் என்று வேலை நகர்ந்துகொண்டே வந்தது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் மாத இதழ், இந்தோனேசியாவில் நைக்கிக் காலணி செய்த ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டை அப்படியே அச்சிட்டது. மணிக்கு 14 சென்டு அவள் கூலி. காலணி செய்தவர் ஒருவரின் பெயரை அமெரிக்க வாசகர்கள் அச்சில் கண்டது அபூர்வம். அதுவும் அந்தச் சீட்டில் இருந்தபடியால்தான் தெரிந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1998 மே மாதத்தில் பில் நைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர் முன் நின்றார். தம் கம்பெனியின் பண்டம் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகை நேர வேலைக்கும் கொடுமைக்கும் மறுபெயராகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். காலணி ஆலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவரைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்றும், ஆலைக் காற்றின் தூய்மைக்கு அமெரிக்க விதிகளையே கொள்வது என்றும் உறுதி கூறினார். அந்தப் பேச்சு எளிதில் வந்ததன்று. மாணவர்களும் தொழிலாளர் நலம் நாடியவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது.

நகர்ந்து வந்த அந்த வேலை நம் மண்ணையும் தொட்டுவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு என்று பேருந்தில் போயிருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து நெல்வயல்களும் ஏரிகளும் நினைவிருக்கும். செய்யாற்றுச் சிப்காட் தொழிற்பேட்டையில் தைவான் கம்பெனி ஒன்றின் ஆலை பல ஆண்டுகளாக நைக்கிக்குக் காலணி செய்து கொடுத்து வருகிறது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து போகும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோலை வெட்டுவதும், மேற்பாகத்தைத் தைப்பதும், பசை தடவி அடியை ஒட்டுவதும் அவர்கள் கைவேலை.

2021 அக்டோபரில் ஜார்டன் தம் முதல் ஆண்டில் அணிந்து ஆடிய 'ஏர் ஷிப்' காலணி ஜோடி ஒன்று ஏலத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அவருடைய கையெழுத்து அதில் இருந்தது. கடையில் விற்கும் காலணியின் நாக்கைப் புரட்டிப் பார்த்தால், உட்புறத்தில் தைத்த சிறு துணித்துண்டில் அளவும், எண்ணும், செய்த நாட்டின் பெயரும் இருக்கும்.